போணி ஆகாமல் வாபஸ் இல்லை

நூலகத்தில் வேலை என்றதும் அங்காளம்மாள் முதலில் கேட்டது சம்பளத்தைப் பற்றி அல்ல.

"அந்த நாற்காலி யாருக்கும்மா?"

"உங்களுக்குத்தான் அக்கா" என்றாள் நூலகர் ஷண்முகப்ரியா.

"நெஜமாவா? உக்காரலாமா?"

"உட்காரத்தானே நாற்காலி?"

அது ஷண்முகப்ரியாவுக்குத் தெரிந்த உலகம். அங்காளம்மாள் பத்தொன்பது வருஷம் தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில், மூன்றாவது மாடியில், பட்டுப் பிரிவில் நின்றவள். அங்கே நாற்காலி வாங்குகிறவர்களுக்கு, விற்கிறவர்களுக்குக் கால். உட்காரலாம் என்று சட்டம் வந்தபின் முக்காலி போட்டார்கள்தான். ஆனால் அதில் யாராவது உட்கார்ந்தால் மேற்பார்வையாளரின் கண்ணும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். கெண்டைக்கால் நரம்பு சுருண்டு பச்சைப் பாம்பாக எழும்பியபோது, "இனிமே நிக்காதீங்க" என்றார் டாக்டர். நிற்காமல் செய்கிற வேலை ஒன்றும் அவளுக்குத் தெரியாது.

"நொச்சிக்குப்பத்துல எங்கம்மா மீனு வித்தது கூட ரோட்டோரம் உக்காந்துதான். ஏசி ரூமுக்குப் போன நான்தான் நின்னேன்" என்பாள், யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும்.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் அந்தக் கிளை நூலகம். பகுதி நேர உதவியாளர் வேலை: காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை. பேப்பரை நூல் கோத்து மேசையில் போட வேண்டும், புத்தகம் கொடுத்து வாங்க வேண்டும், வாங்கியதை அலமாரியில் அடுக்க வேண்டும். மூன்று மாதம் தற்காலிகம். அதன்பின் ஆய்வுக்கு வரும் அலுவலர் 'தொடரலாம்' என்று எழுதினால் நாற்காலி அவளுக்கு. எழுதாவிட்டால் மறுபடி மூன்றாவது மாடி.

முதல் வாரமே பழைய ரவிக்கைத் துணிகளை அடைத்து மெத்தை ஒன்று தைத்து நாற்காலியில் கட்டிவிட்டாள். மெத்தை தைத்தாளே தவிர, அதில் உட்கார்ந்தாளா என்பது வேறு விஷயம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், ஸ்பிரிங் போல எழுந்துவிடுவாள்.

"வாங்கம்மா, உள்ள வாங்க. இன்னா பாக்கறீங்க, நாவலா, சமையலா? எடுக்காட்டியும் பரவால்ல, சும்மா பாருங்க."

சொல்லிக்கொண்டே பத்துப் புத்தகங்களை மேசையில் வீசி, விசிறி மாதிரி விரிப்பாள். "இது நேத்து வந்த சரக்கு. இதே கதை பெரிய எழுத்துலயும் கீது. அட்டை டல்லா கீதேன்னு பாக்காதீங்க, உள்ள நல்ல ஐட்டம்." பேப்பர் ஓசியில் படிக்க வந்தவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள், பாத்ரூம் இருக்கிறதா என்று கேட்க வந்தவர்கள், எல்லாரும் உறுப்பினராகி, கையில் புத்தகத்தோடு வெளியே போய், இது எப்படி நடந்தது என்று சந்து முனையில் நின்று யோசித்தார்கள். ஒரு நாளைக்குப் பதினொன்று என்றிருந்த வழங்கல் நாற்பதைத் தொட்டது. ஷண்முகப்ரியா கண்டும் காணாதவள் போல இருந்தாள். பதிவேட்டில் நாற்பது என்று எழுதும்போது மட்டும் அவள் கையெழுத்து கொஞ்சம் பெரிதாகும்.

எல்லாம் சரி. தகராறு, போணியில் வந்தது.

முதல் நாள் காலை ஒருவர் புத்தகம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க, அங்காளம்மாள் ஏமாந்துபோய் வாங்கிவிட்டாள். அன்றைக்கு மொத்தமே மூன்று புத்தகம்தான் போயிற்று. அதிலும் ஒன்று நடுவில் எட்டுப் பக்கம் இல்லை என்று அரைமணி நேரத்தில் திரும்பி வந்தது. அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. கடை திறந்ததும் முதலில் சரக்கு வெளியே போக வேண்டும். அதுதான் போணி. போணி ஆகும் முன்பே வாபஸ் வாங்கினால் நாள் முழுக்க வாபஸ்தான். பட்டுப் பிரிவில் இது பாலபாடம். அவளுடைய அம்மாவின் மீன் கூடையிலும் இதே சட்டம்தான்.

"அக்கா, இது கடையில்ல. இங்க புத்தகம் திரும்பி வந்தாத்தான் நல்லது" என்று ஷண்முகப்ரியா பொறுமையாகச் சொன்னாள்.

"தெரியும்மா. எனக்குத் தெரியுது. கைக்குத் தெரிய மாட்டேங்குதே."

கைக்குத் தெரியாததால் வாய் வேலை செய்தது. காலையில் போணிக்கு முன் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களிடம் முத்திரை குத்தும் மை காய்ந்துவிட்டது, பதிவேடு நூலகரிடம் இருக்கிறது, பேனா எழுதவில்லை என்று எதையாவது சொல்லி அனுப்பிவிடுவாள். போணிக்கென்றே ஓர் ஆளையும் பிடித்து வைத்திருந்தாள். சந்து முனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் குலாம் ரசூல். ஒருநாள் தண்ணீர் பாட்டில் நிரப்ப வந்தவரை உறுப்பினராக்கி ஒரு புத்தகம் கொடுத்தாள். அன்றைக்கு நாற்பத்தேழு போயிற்று. கைராசி என்றால் அது கைராசி. அதிலிருந்து தினம் ஒன்பதரைக்கு, பள்ளிக்கூட சவாரியை இறக்கிவிட்டு வந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு புத்தகம் எடுத்துப் போவார்.

"படிக்கறீங்களா பாய்?"

"எனக்கு ரோட்டப் படிக்கவே டைம் பத்தல தங்கச்சி. சீட்டுக்குப் பின்னால போட்டு வெக்கறேன். பெருங்குடி டிராபிக்ல சவாரிங்க படிக்குது. நேத்து ஒரு பொண்ணு, எடம் வந்தும் எறங்கல. 'இருங்க அங்கிள், இந்த ஒரு பக்கம்'ன்றா."

ஒன்பதரைக்குப் போணி. ஆனால் ஸ்ரீஹரி வருவது எட்டு ஐந்துக்கு.

ஸ்ரீஹரி வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வங்கிக்குத்தான், மேலாண்மைக்கு இல்லை. காலை நடைக்குப் போகும் வழியில் முடித்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாலையில் வந்து அடுத்ததை எடுப்பார். இரண்டையும் காலையிலேயே செய்யலாமே என்று யாராவது சொன்னால் போச்சு.

"ஒரு புஸ்தகம் முடிஞ்சா ஒரு பகலாவது அது உள்ள அடங்கணும். மேல மேல போட்டா அஜீர்ணம்" என்பார்.

எட்டு ஐந்துக்குப் புத்தகத்தை நீட்டுவார். அங்காளம்மாள் எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மை காஞ்சு பூட்ச்சு சார்" என்பாள். அவர் புத்தகத்தோடு நடந்து, புத்தகத்தோடு கத்தரிக்காய் வாங்கி, புத்தகத்தோடு வீட்டுக்குப் போய், மாலையில் ஷண்முகப்ரியாவிடம் கொடுப்பார். இரண்டு மாதம் பொறுத்தார். பிறகு வாசகர் கருத்துப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, வரிசை எண் போட்டு எழுதினார்:

"1. காலை 8.05 மணிக்கு நூலைத் திருப்பித் தரும் வாசகரிடம் 'மை காய்ந்துவிட்டது' எனப்படுகிறது. 2. மறுநாள் மை ஈரமாக இருந்ததை நான் விரலால் தொட்டுக் காட்டியதும், 'கம்ப்யூட்டர் வரவில்லை' எனப்படுகிறது. 3. அந்த மேசையில் கம்ப்யூட்டரே கிடையாது. 4. இத்தகைய ஊழியர் தேவையா என்பதை மேலிடம் பரிசீலிக்கவும்."

நாலாவதைப் படித்ததும் அங்காளம்மாளுக்குக் கெண்டைக்காலில் சுருக்கென்றது.

ஆய்வு வியாழக்கிழமை என்று புதன்கிழமை தகவல் வந்தது. அலுவலர் நஸ்ருன்னிசா மேடம் பதினொரு மணிக்கு வருவார்.

"அக்கா, உங்க காலைப் பிடிக்கிறேன். நாளைக்கு ஒரு நாள் அவர் நீட்டினா வாங்கிடுங்க. பதிவேட்டுல அவர் எழுதினது அப்படியே இருக்கு. மேடம் படிச்சுட்டு, நேர்லயும் பார்த்தாங்கன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றாள் ஷண்முகப்ரியா.

"வாங்கிடறேன்மா. இந்த நாற்காலி மேல சத்தியம்."

சத்தியம் செய்துவிட்டு நேராக ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனாள். "பாய், நாளைக்கு மட்டும் எட்டு மணிக்கெல்லாம் வந்துருங்க. நாளைக்குப் போணி எனக்கு உசுரு." குலாம் ரசூல் தலையில் கை வைத்து உறுதி கொடுத்தார்.

மறுநாள் எட்டு மணிக்கு வந்தது குலாம் ரசூல் அல்ல. பதினொரு மணிக்கு வர வேண்டிய நஸ்ருன்னிசா மேடம். அரசு அலுவலர் ஒருவர் நேரத்துக்கு முன்னால் வந்தது அந்தச் சந்தில் ஒரு வாரம் பேசப்பட்டது. வந்தவர் சுற்றிப் பார்த்தார். உட்காரும்படியாக இருந்தது மெத்தை போட்ட நாற்காலி ஒன்றுதான். அதில் உட்கார்ந்தார்.

அங்காளம்மாளுக்கு அது சரியாகப் படவில்லை. என் நாற்காலியில் இன்னொருத்தர் உட்கார்ந்தாயிற்று, இது என்ன சகுனமோ. ஓரமாகப் போய்ப் போனில் குசுகுசுத்தாள்.

"பாய், எங்க கீறீங்க?"

"லஸ்ல மாட்டிக்கினேன் தங்கச்சி! மெட்ரோக்காரன் ரோட்டயே கழட்டி வெச்சிகீறான். நேத்து இருந்த ரோடு இன்னிக்கு இல்ல!"

சுவர்க் கடிகாரத்தில் எட்டு நாலு. மேடம் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "வழங்கல் பதினொண்ணுலேருந்து நாப்பதா? எப்படிம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கருத்துப் பதிவேட்டைத் திறந்தார். படித்தார். நாலாவது வரியில் விரல் நின்றது.

எட்டு ஐந்து. இஸ்திரி போட்ட சட்டையோடு ஸ்ரீஹரி உள்ளே வந்தார். மேடத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவர் மகள் கல்யாணத்தில் கூட யாரும் பார்த்ததில்லை. புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கோர்ட்டில் சாட்சிப் பொருளைக் காட்டுகிற மாதிரி நீட்டினார்.

"ரிட்டர்ன்" என்றார்.

ஷண்முகப்ரியா கண்ணால் கெஞ்சினாள். மேடம் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். அங்காளம்மாளின் கை இடுப்பு வரை எழுந்தது. அங்கேயே நின்றது.

அவள் கணக்கு இதுதான்: இன்றைக்கு என் தலையெழுத்தை எழுதப் போகிறார்கள். இன்றைக்குப் பார்த்து முதல் காரியமே வாபஸ் என்றால், என்னையும் தி.நகருக்கு வாபஸ் அனுப்பிவிடுவார்கள். வாங்காவிட்டாலும் அனுப்புவார்கள். எப்படியும் போகிறது என்றால், கடைசியாக நமக்குத் தெரிந்த தொழிலைச் செய்து பார்த்துவிட்டுப் போவோம்.

"வாங்கிக்கறேன் சார், அதுக்கென்ன. அதுக்கு முன்னாடி ரெண்டே நிமிஷம். எடுக்காட்டியும் பரவால்ல" என்று அலமாரிப் பக்கம் பாய்ந்தாள். பன்னிரண்டு புத்தகங்கள் மேசையில் விரிந்தன. மேடத்தின் முன்னால் இருந்த பதிவேட்டின் மேலும் இரண்டு விழுந்தன.

"பாத்தேளா மேடம், பாத்தேளா! கண்ணெதிர நடக்கறது!" என்றார் ஸ்ரீஹரி. "எனக்குக் கார்த்தால புஸ்தகம் வேண்டாம்மா. எத்தனை தடவை சொல்றது? அஜீர்ணம்!"

"உங்களுக்கு யார் சார் குடுத்தாங்க? வூட்ல மாமிக்கு."

"அவளுக்கா?" ஸ்ரீஹரி சிரித்தார். "அவளுக்கு ஏது நேரம்? அவ புஸ்தகமெல்லாம் படிக்கமாட்டா."

"மாமி எந்த மாதிரி படிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாது, அப்டித்தானே?"

"படிக்கமாட்டான்னு சொல்றேனே!"

"இதே மாதிரிதான் சார் அங்க மூணாவது மாடிக்கு வருவாங்க. பொண்டாட்டிக்குப் பொடவை எடுக்கணும்பாங்க. இன்னா கலரு கட்டுவாங்க சார்னு கேட்டா, முழிப்பாங்க பாருங்க." அங்காளம்மாள் அந்த முழியை முழித்துக் காட்டினாள். "முப்பது வருஷம் குடித்தனம் பண்ணிகீறாரு, கலரு தெரியாது."

மேடத்தின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அவர் வீட்டுக்காரர் எந்த மாடியில் முழித்தாரோ. "ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன் சார். சந்தேகம் தீர்ந்துடும்" என்றார்.

மேலிடமே சொல்லியபின் மறுக்க முடியுமா? ஸ்ரீஹரிக்குக் காது கொஞ்சம் மந்தம். போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான். மணி அடித்தது. குக்கர் விசிலுக்கு நடுவே வசுமதி மாமியின் குரல் வந்தது.

"என்ன, கத்தரிக்காய் கிடைக்கலையா?"

"அதில்ல வசு. லைப்ரரில இருக்கேன். புஸ்தகத்தைத் திருப்பிக் குடுத்துண்டு..."

"என்னது! குடுத்துட்டேளா?" மாமியின் குரல் விசிலைத் தாண்டியது. "ஐயோ, குடுக்காதேங்கோ! எனக்கு இன்னும் நாப்பது பக்கம் பாக்கி. அந்தப் பெரிய மாப்பிள்ளை பால்ல விஷம் வச்சானா இல்லையான்னே தெரியலை!"

நூலகத்தில் அமைதி நிலவியது. நூலகத்தில் நிலவ வேண்டியதுதானே என்று சொல்லாதீர்கள். அங்காளம்மாள் வந்த பிறகு அங்கே நிலவிய முதல் அமைதி அது.

"நீ... படிக்கறயா? எப்போ?"

"நீங்க மத்தியானம் குறட்டை விடறச்சே. வேற எப்போ? நீங்க முடிச்ச கையோட கார்த்தால எடுத்துண்டு ஓடிடுவேள். எனக்குக் கடைசி அத்தியாயம் எப்பவும் பாக்கி நிக்கும். இத்தனை வருஷத்துல ஒரு கதைக்காவது முடிவு தெரியுமா எனக்கு? யார் கொன்னா, யாரை யார் பண்ணிண்டா, ஒண்ணும் தெரியாது. நானா ஒரு முடிவு வச்சுண்டு சமைச்சுண்டிருப்பேன்."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா, கதையைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவேள். அதுக்குப் பயந்துண்டுதான் சொல்லலை." மாமி மூச்சு விட்டுக்கொண்டாள். "இப்போ ரெண்டரை மாசமாத்தான் நிம்மதி. யாரோ புதுசா ஒரு பொண்ணு வந்திருக்காளாமே, கார்த்தால வாங்க மாட்டேங்கறான்னு நீங்க ஆத்துல வந்து கத்தறேளே. அவ நன்னா இருக்கணும். அவ புண்ணியத்துல புஸ்தகம் திரும்பி வரது, சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடறேன். அவளுக்கு ஒரு நாள் அதிரசம் பண்ணிக் குடுத்தனுப்பணும்."

அங்காளம்மாள் போனையே பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் எவ்வளவோ மாமிகளுக்குப் புடவை விற்றிருக்கிறாள். ஒருத்தி கூட அதிரசம் என்று சொன்னதில்லை.

ஸ்ரீஹரி போனை அணைத்துவிட்டுச் சட்டைப்பையில் வைக்க முயன்றார். மூன்றாவது தடவைதான் பை அகப்பட்டது.

"சார், இந்தப் புகார்..." என்று மேடம் பதிவேட்டை மெல்ல அவர் பக்கம் திருப்பினார்.

ஸ்ரீஹரி பேனாவைத் திறந்தார். தொண்டையைக் கனைத்தார். "அதை நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"சார், சார், சார்!" அங்காளம்மாள் குறுக்கே கையை நீட்டினாள். "வாபஸா? இருங்க சார்! இன்னும் போணி ஆவல!"

முதலில் சிரித்தது ஷண்முகப்ரியா. அடுத்தது மேடம், அவர் சிரிக்கச் சிரிக்க நாற்காலி கிறீச்சிட்டது. ஸ்ரீஹரி பேனாவை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். வங்கியில் யாருக்கும் காத்திராமல் கையெழுத்துப் போட்ட கை அது. ஒரு மீன்காரியின் மகள் சொன்னாள் என்று காத்திருந்தது.

"மாமிக்கு இன்னா சார் குடுக்கட்டும்?"

"எனக்கென்னம்மா தெரியும்?" என்றார் ஸ்ரீஹரி. அந்தக் குரலில் மேலாளர் இல்லை.

அங்காளம்மாள் விரித்த பன்னிரண்டையும் கண்ணால் ஒரு சுற்று சுற்றினாள். பெரிய எழுத்து, ஒரு கொலை, முடிவில் சந்தேகம் எதுவும் வைக்காத கதை. எடுத்து, தேதி முத்திரை குத்தி, கண்ணில் ஒற்றிக்கொண்டு நீட்டினாள். "மொதோ கை. நல்லா இருங்க சார்."

ஸ்ரீஹரி பதிவேட்டில் எழுதினார்: "மேற்கண்ட புகார் திரும்பப் பெறப்படுகிறது." அதற்கு மட்டும் வரிசை எண் போடவில்லை. பிறகு, கொடுக்க வந்த புத்தகம், புதுப் புத்தகம் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கத்தரிக்காய் வாங்கப் போனார். அன்றைக்கு வாபஸ் ஆனது புகார் மட்டும்தான்.

அவர் படியிறங்கவும் குலாம் ரசூல் மூச்சிரைக்க ஓடி வரவும் சரியாக இருந்தது. "தங்கச்சி, போணி..." என்று ஆரம்பித்தவர், மேடத்தைப் பார்த்ததும், "போணி... போனி, என் போன் ஒண்ணு இங்க உட்டுட்டேன், அதத் தேடிக்கினு வந்தேன்" என்றார். போன் அவர் கையிலேயே இருந்தது.

மேடம் கடைசியில் கண்டிப்பாகத்தான் பேசினார். "இங்க பாரும்மா, கடையில உன் சட்டம். இங்க விதின்னு ஒண்ணு இருக்கு. எந்த நேரம் வந்தாலும் புத்தகத்தை வாங்கியே ஆகணும்."

"ஆவணும் மேடம். கைதான்..."

"கையால வாங்காதே. வாசல்ல ஒரு பெட்டி வைங்க. போடறவங்க போட்டுட்டுப் போகட்டும். உன் போணி ஆனப்புறம் திறந்துக்கோ." ஷண்முகப்ரியா இரண்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் இரண்டே வாக்கியத்தில் முடிந்துபோனது. மேடம் 'பணி தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டு எழுந்தார். போகும்போது நாற்காலியை அங்காளம்மாள் பக்கம் தள்ளினார். "உட்காரும்மா. மெத்தை நல்லா இருக்கு."

அங்காளம்மாள் உட்கார்ந்தாள். மேடம் வாசல் தாண்டும் முன் யாரோ உள்ளே வந்தார்கள். எழுந்துவிட்டாள்.

அட்டைப் பெட்டி ஒன்றில் துளை போட்டு வாசலில் வைத்தார்கள். அது வந்தபின் ஸ்ரீஹரியைக் காலையில் காணவில்லை. அடுத்த புதன்கிழமை எட்டு ஐந்துக்கு வந்தார், வெறுங்கையோடு. பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"இன்னா சார், புக்கு எங்க?"

"அவ விட மாட்டேங்கறா. அவ முடிச்சப்புறம்தான் நான் எடுக்கணுமாம். முடிவை வேற கார்த்தாலேயே சொல்லிடறா, காப்பி குடுக்கறச்சே." பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டார். "அவ படிக்காததா ஒண்ணு குடும்மா எனக்கு."

"கார்த்தாலயா சார்? அஜீர்ணம்?"

ஸ்ரீஹரி மேசைப் பக்கம் நகர்ந்தார். அங்காளம்மாள் பத்துப் புத்தகங்களை விசிறியாக விரித்தாள். சந்து முனையில், பள்ளிக்கூட சவாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த குலாம் ரசூல், ஆட்டோவுக்குள் இருந்தபடி, தன் கைராசி கைமாறிப் போவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.